குறத்தி வேடமும் குறத்தியின் இடமும்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் இரண்டு செய்திகள் வந்தன. கோயில் திருவிழாக்களில் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் நடந்துவந்த ஆபாச நடனத்துக்கு அரசு தடை விதித்து, நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்தும் அந்தப் பெயரை நீக்கியது முதல் செய்தி. அந்த ஜனவரியில்தான், ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லி இப்படி ஆடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. இரண்டாவது செய்தி மாதக் கடைசியில் வந்தது. மார்ச் 30ஆம் தேதி சென்னை கோயம்பேட்டில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர் உள்ளே விட மறுத்தார். அருகில் நின்றவர்கள் அதைப் படம் பிடித்துப் பரப்பிய பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது.

முதல் செய்தி குறவர்களைப் பற்றியது. இரண்டாவது நரிக்குறவர்களைப் பற்றியது. இரண்டும் வெவ்வேறு மக்கள் என்பது படித்தவர்கள் பலருக்கே தெரியாது. குறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். உப்பு விற்றவர்கள், கூடை முடைந்தவர்கள், குறி சொன்னவர்கள். நரிக்குறவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அது வடமேற்கு இந்திய மொழிகளோடு உறவுடையது. வேட்டையில் வாழ்ந்தவர்களை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாசிமணிக்கும் ஊசிக்கும் பலூனுக்கும் தள்ளியது. நம் சினிமாவும் பள்ளி மேடையும் இருவரையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரு பாவாடை, ஒரு மணிமாலை, ஒரு கொச்சைப் பேச்சு என்று முடித்துவிட்டன. 1968இல் வந்த ‘ஒளி விளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் போட்ட அந்த வேடம், அரை நூற்றாண்டு கழித்தும் எங்கள் பக்கத்துப் பள்ளி ஆண்டுவிழாக்களில் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது.

நான் உத்திரமேரூர் ஒன்றியத்தில் தமிழாசிரியை. அப்பா கூத்துக்காரர், பெண் வேடக்காரர். ஆகவே மற்றவர் வேடத்தைப் போடுவதே தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேடம் போட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரை பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பெருநகர், மானாம்பதி, களியாம்பூண்டி, சாலவாக்கம் என்று சுற்றிலும் எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் முகவீணைச் சத்தம் அதோடு வரும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் என்று ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கதை. அதில் ஓர் இரவு திரௌபதி குறவஞ்சி. வனவாசத்தில் இருக்கும் பாஞ்சாலி குறத்தியாக உருமாறி அத்தினாபுரத்துக்குள் நுழைவாள். கௌரவர் அரண்மனைப் பெண்களுக்குக் குறி சொல்வாள். ஊர் முழுக்கத் தெய்வமாகக் கும்பிடும் ஒருத்தி, அந்த ஓர் இரவு முழுவதும் இடுப்பில் கூடையோடும் கையில் கோலோடும் குறத்தியாகவே களரியில் நிற்பாள். அரசியால் நுழைய முடியாத வாசலில் குறத்தியால் நுழைய முடிகிறது. அந்தக் கதையின் பலமே அதில்தான் இருக்கிறது.

அப்பா அந்த வேடத்தைப் பல வருடம் கட்டினார். ராஜா வேடத்துக்கு உள்ள கட்டை, கிரீடம், புஜகீர்த்தி எதுவும் அதில் கிடையாது. முகத்தில் அரிதாரம், சவுரி, ஒரு பழைய சுங்கடிப் புடவை, மணிகள். “கட்டை வேடத்துல பாதி வேலையைக் கிரீடமே செஞ்சுடும். குறத்திக்கு நடைதான் எல்லாம்” என்பார். அந்த நடையை அவர் கற்றுக்கொண்டது வாத்தியாரிடம் அல்ல. அறுவடை முடிந்த நாட்களில் எங்கள் தெருவுக்குக் குறி சொல்ல ஓர் அம்மா வருவார். மரக்கால் நெல்லை அளந்து போட்டுவிட்டு, அப்பா அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, பாட வைத்துக் கேட்பார். மலைவளம் சொல்லும்போது குரல் எங்கே ஏறுகிறது, கையை எப்போது பிடிக்கிறார், எப்போது விடுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அப்போது ஆறேழு வயது இருக்கும். திண்ணையில் அவரை உட்கார வைத்ததற்குத் தெருவில் பேச்சு எழுந்ததும் நினைவிருக்கிறது.

அந்த அம்மா ஒருமுறை கூத்துப் பார்க்க வந்தார். களரியைச் சுற்றி ஊர் உட்கார்ந்திருக்கும் வரிசையில் அவருக்கு ஓர் இடம் வேண்டும் என்று அப்பா நாட்டாமைக்காரர்களிடம் கேட்டார். முடியாது என்றார்கள். ஜமாக்காரர்கள், அதாவது கூத்துக் குழுவினர், வேடம் கட்டும் கொட்டகையில், அரிதாரக் கிண்ணங்களுக்கும் கட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, திரைக்குப் பின்னால் இருந்தபடி அவர் அந்த இரவைப் பார்த்தார். விடிந்ததும் அப்பாவிடம் அவர் சொன்னதை அம்மா பல தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்: “எல்லாம் சரி அண்ணே. ஆனா பிச்சை கேக்குற மாதிரி குனியாதே. குறி சொல்றவ குனியமாட்டா. சொல்லு அவகிட்ட இருக்கு, கேக்குறவங்கதான் கையை நீட்டணும்.” அடுத்த பாரதத்தில் அப்பா குனியவில்லை.

எது களவு, எது மரியாதை என்று கேட்கும்போதெல்லாம் நான் இந்த இடத்திலிருந்துதான் யோசிக்கிறேன். அப்பா அவர்களிடமிருந்து எடுத்தார். கேட்டு எடுத்தார். கூலி கொடுத்தார். எடுத்ததை அவர்கள் கண்முன்னாலேயே ஆடிக்காட்டினார். திருத்தியபோது திருத்திக்கொண்டார். இவ்வளவும் செய்த ஒரு கலைஞனாலும் அவர்களுக்கு வரிசையில் ஓர் இடம் வாங்கித்தர முடியவில்லை. அதை ஊர்தான் தர வேண்டும். ஊர் தரவில்லை. யாருடைய வேடத்தைப் பார்த்து ரசிக்கிறோமோ, அவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்க்க முடிகிறதா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால் அந்த வேடம் நிற்கட்டும். முடியாவிட்டால் ஆடுகிறவரும் பார்க்கிறவரும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

கூத்து முழுக்கச் சுத்தமானது என்று நான் சொல்ல மாட்டேன். நள்ளிரவுக்கு மேல் தூக்கம் கலைக்க, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறத்தியிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுவதும், கூட்டம் விசில் அடிப்பதும் எங்கள் பக்கத்திலும் உண்டு. திரௌபதியாக அவள் திரை விலக்கி வரும்போது கற்பூரம் காட்டுகிற அதே கூட்டம்தான் அது. குறத்தி என்ற பெயரைக் கேட்டதும் இளக்காரமாகிவிடுகிற ஒரு மனம் நமக்குள் நெடுங்காலமாக இருக்கிறது. பின்னாளில் வந்த மேடை ஆட்டம் அந்த மனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கதையையும் தெய்வத்தையும் குறியையும் எறிந்துவிட்டது.

இதைத்தான் மதுரையில் வழக்குத் தொடுத்தவர்கள் சொன்னார்கள். தென்மாவட்டங்களில் கரகாட்டத்தோடு சேர்ந்து நடக்கும் அந்த ஆட்டத்தில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் குறவர்கள் இல்லை. அரைகுறை உடுப்பும், கொச்சையான உரையாடலும், இடையிடையே வீடியோ எடுக்கும் கைகளும் ஒரு பக்கம். அதையெல்லாம் ‘குறவன் குறத்தி’ என்ற பெயரில் தேடி எடுக்கும்படி இணையத்தில் ஏற்றிவைத்தது இன்னொரு பக்கம். கல்லூரிக்குப் போகும் ஒரு குறவர் வீட்டுப் பெண் தன் சமூகத்தின் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் முதலில் எதைப் பார்க்க வேண்டியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அரசாணை வந்ததும் ஆடிப் பிழைத்தவர்களின் வயிறு என்ன ஆவது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மேடையில் இழிசொல் கேட்டு ஆடிய பெண்களும் ஏழைகள்தான். அவர்களுக்கு நலவாரியமும் ஓய்வூதியமும் மாற்று மேடையும் தர வேண்டியது அரசின் கடமை. அந்தக் கடமைக்கான விலையை வேறொரு சமூகத்தின் மானத்திலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது.

குறவர் என்ற பெயருக்கு நம் மொழியில் உள்ள வயதை என் மாணவர்களுக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். குறிஞ்சித் திணையின் மக்கள் அவர்கள். சங்கப் புலவர்களில் குறமகள் இளவெயினி, குறமகள் குறியெயினி என்று இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். தங்கள் குடியைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு பாடியவர்கள். முருகனுக்கு வள்ளியைக் கொடுத்ததும் இவர்கள்தான். குமரி மாவட்டம் வேளிமலைக் குமாரகோவிலில் பங்குனியில் நடக்கும் வள்ளி திருக்கல்யாணத்தில் ‘குறவர் படுகளம்’ இன்றும் நடக்கிறது. பெண்ணைக் கொண்டுபோகும் முருகனோடு குறவர்கள் போரிடும் சடங்கு அது. பெண் வீட்டார் என்ற உரிமையை அங்கே சடங்கே காப்பாற்றி வைத்திருக்கிறது. எங்கள் உத்திரமேரூரிலும் பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. வள்ளியைக் கும்பிடுகிறோம். வள்ளியின் பிறந்தகத்தாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இத்தனை வயதுள்ள பெயரை 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் காவல் நிலையப் பதிவேட்டில் ஏற்றியது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் போனது. நாடு முழுக்க 1952இல் ரத்தானது. பதிவேடு போன பிறகும் சந்தேகம் போகவில்லை. ஊரில் ஏதாவது காணாமல் போனால் முதலில் யார் வீட்டுக்கு ஜீப் போகும் என்று கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

1993இல் முதனை கிராமத்தில் திருட்டுப் பழி சுமத்தப்பட்டு, காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். அவருடைய மனைவி விடாமல் நடத்திய போராட்டமும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கும்தான் 2021இல் ‘ஜெய் பீம்’ படமாக வந்தது. படத்தில் அந்தக் குடும்பம் இருளர் குடும்பமாக மாறியிருந்தது. படம் நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டது, பல கோடிப் பேரை உலுக்கியது, நானும் அழுதேன். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அவர்கள் மீதும் பொய் வழக்குகள் பாய்ந்திருக்கின்றன. அவர்கள் கதையும் சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் குறவர் தரப்பிலிருந்து அப்போது எழுந்த வருத்தத்தை நாம் போதுமான அளவு காதில் வாங்கவில்லை. கேலிக்கூத்து ஆடும்போது அவர்கள் பெயர் தேவைப்பட்டது. அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லும்போது அந்தப் பெயர் இல்லாமல் போனது.

சபா மேடைக்கும் இதில் பங்கு உண்டு. குறவஞ்சி என்ற இலக்கிய வகையே குறத்தியை நாயகியின் வாசலுக்கு அழைத்துவந்து குறி கேட்பதுதான். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944இல் கலாக்ஷேத்திரா நாட்டிய நாடகமாக ஆக்கியது. பட்டும் ஜரிகையும் உடுத்த குறத்தி அங்கே வந்தாள். அதற்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை ஆடிவந்தவர்கள் தேவதாசிப் பெண்கள். அவர்களுடைய சதிர் 1930களில் பரதநாட்டியம் என்று பெயர் மாறி மேல்தட்டு வீடுகளுக்குப் போனது. 1947இன் சட்டம் கோயிலில் அவர்கள் ஆடுவதை நிறுத்தியது. சுரண்டலிலிருந்து பெண்களை மீட்கத்தான் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சட்டத்துக்காகப் போராடினார் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஆட்டம் புதிய வீடுகளில் செழித்தது; அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களில் பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் மேடையிலிருந்து மறைந்தார்கள். சபா குறத்தியின் விஷயத்தில் இரண்டு இழப்புகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கின்றன: குறத்தியும் அந்த அரங்கில் இல்லை, குறத்தியாக ஆடியவளும் இல்லை.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். நீதிமன்றமோ அரசாணையோ எட்டிப்பார்க்காத இடம் அது.

மாறுவேடப் போட்டி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு நான்கைந்து வேடங்கள்தான்: காந்தி, பாரதி, நேதாஜி, வேலு நாச்சியார், பிறகு நரிக்குறத்தி. கடைசி வேடத்துக்குத்தான் கைதட்டல் அதிகம். நான் முன்பு வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த வேடத்தில் வந்து, தகர டப்பாவைத் தட்டி, தமிழை முறித்து முறித்துப் பேசி முதல் பரிசு வாங்கியது. அதே ஆறாம் வகுப்பில் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு சிறுமி இருந்தாள். மைதானத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். மறுநாள் தமிழ் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு என் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், அது மாதிரி எங்கம்மா பேச மாட்டாங்க.”

“தெரியும்மா” என்றேன்.

“எங்கம்மா மூணு பாஷை பேசுவாங்க. தெலுங்கும் வரும்.” கொஞ்சம் நின்று, “அந்த மாலையும் தப்பு டீச்சர். பாசி அப்படிக் கோக்க மாட்டாங்க. ரெண்டு நாள்ல அந்து போயிடும்” என்றாள்.

அவளுடைய குரலில் அழுகை இல்லை. தொழில் தெரிந்த ஒருத்தி, தெரியாத ஒருவர் செய்த வேலையில் குறை கண்டு சொன்ன குரல் அது. அவளுடைய சாதிக்குப் பழங்குடிச் சான்று கிடைக்க நாடாளுமன்றம் 2022 டிசம்பர் வரை காத்திருந்தது. அவளுடைய அம்மாவுக்கு எத்தனை மொழி தெரியும் என்று நாங்கள் ஒருவர்கூட அதுவரை கேட்டதில்லை. பிள்ளைக்கு வேடம் போட்டுவிட்ட பெற்றோருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பரிசு கொடுத்தவர்களுக்கும் இல்லை. இந்த விஷயத்தில் பெரும்பாலான காயங்கள் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் உண்டாகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல திட்டம். பறை அடிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் ஒயில் ஆடத் தெரிந்த பிள்ளைக்கும் முதல்முறையாகப் பள்ளி மேடையில் மதிப்பு கிடைத்தது. ஆனால் ‘நாட்டுப்புற நடனம்’ என்றதும் பல பள்ளிகள் சினிமாப் பாட்டைப் போட்டு, பாசிமணியும் இறகும் மாட்டிவிடுகின்றன. நடுவர்களுக்கான குறிப்பில் ஒரே ஒரு விதியைச் சேர்க்கச் சொல்வேன்: ஒரு சமூகத்தின் கலையைப் பள்ளி மேடைக்குக் கொண்டுவந்தால், அந்தச் சமூகத்தவர் ஒருவரிடம் அதைக் கற்றிருக்க வேண்டும்; அவருக்குப் பயிற்சிக் கூலி கொடுத்திருக்க வேண்டும்; அவர் பெயர் மேடையில் சொல்லப்பட வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் அப்படிக் கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் பாசி கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிச் சொன்னால் உடனே வரும் கேள்வி: கலைக்கு வேலி கட்டுகிறீர்களா, அவரவர் கலையை அவரவர்தான் ஆட வேண்டுமா? கூத்துக்காரர் மகளான நான் அப்படிச் சொன்னால் என் அப்பாவையே களரியிலிருந்து இறக்கிவிட்டதாகும். கேட்டு, கற்று, பெயர் சொல்லி, கூலி கொடுத்து ஆடுகிறவரை நான் கும்பிடுகிறேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் ஆண்களுக்கே உரியதாக இருந்த களரியில் பெண் பிள்ளைகளை ஏற்றியது. டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் அவர்களோடு ஒரே மேடையில் கர்நாடக இசையையும் கூத்தையும் சேர்த்து நிகழ்த்தினார்கள். ஒருவர் மேடையில், மற்றவர் கொட்டகையில் என்று அங்கே இல்லை. கலந்துகொள்வதை யாரும் எதிர்க்கவில்லை. ஒரு பக்கம் கைதட்டலும் மறுபக்கம் கழுத்தைப் பிடித்துத் தள்ளலும் இருப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. அங்குள்ள பூர்வகுடிகளை இழிவாகக் குறிக்கும் ‘ரெட்ஸ்கின்ஸ்’ என்ற சொல்லை வாஷிங்டன் கால்பந்து அணி பல பத்தாண்டுகள் தன் பெயராக வைத்திருந்தது. பூர்வகுடிகள் எதிர்த்தபோதெல்லாம், உங்களைப் பெருமைப்படுத்தத்தானே வைத்தோம் என்று பதில் வந்தது. 2020இல்தான் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். பெருமையா சிறுமையா என்பதைப் பெயருக்கு உரியவர்தான் சொல்ல வேண்டும் என்பதை ஏற்க அவ்வளவு பெரிய, படித்த நாட்டுக்கே அத்தனை காலம் பிடித்தது. நமக்கு நீதிமன்றம் 2023இல் அதைச் சொல்லிவிட்டது. சொன்னதைக் கிராமத்துக்குக் கொண்டுவருவதுதான் மிச்சம்.

கிராமம் எப்படி ஒதுக்குகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் சரியாகப் பார்ப்பதில்லை. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடவில்லை என்று பூஞ்சேரி நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய காணொளி பரவியது. சில நாட்களில் அறநிலையத் துறை அமைச்சர் அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4ஆம் தேதி, தீபாவளியன்று, முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போனார். பட்டாக்களும் சாதிச் சான்றுகளும் கிடைத்தன. நல்லது. அப்படி வாய்விட்டுக் கேட்கத் துணிந்தவர் அந்த ஒரு பெண். எங்கள் ஊர்களில் பந்தியிலிருந்து யாரையும் எழுப்பத் தேவையே இல்லை. அதற்கு முன்பே ஒரு வேலை முடிந்திருக்கும். திருவிழா வரி வாங்கும்போது அவர்கள் வீட்டை விட்டுவிடுவார்கள்.

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். பாரதம் வைப்பது என்று முடிவானதும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவார்கள். வரி கொடுத்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கு, சாமி ஊர்வலம் வாசலில் நிற்பது, விழாக் கூட்டத்தில் பேச்சுரிமை, பந்தியில் இலை. வரி வாங்காத வீட்டுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. “பாவம், அவங்ககிட்ட என்ன வாங்குறது” என்று இரக்கமாகத்தான் சொல்வார்கள். அந்த இரக்கத்தால் ஒரு குடியிருப்பு முழுவதும் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறது. அன்னதானம் கொடுப்பார்கள், மிச்சம் இருந்தால். கூத்துப் பார்க்கலாம், தூரத்தில் நின்றால்.

உத்திரமேரூர் என்றால் எல்லோரும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, கி.பி. 919, 921. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் என்று பெருமையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் பெருமைதான், பிள்ளைகளை நானே அழைத்துப் போகிறேன். ஓலைகளைக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன நேர்மையைச் சொல்வேன். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்ற கண்டிப்பையும் சொல்வேன். கூடவே, குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்று அந்தக் கல்லே சொல்வதையும் படிக்க வைப்பேன். வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் இல்லாதவர், மனை இல்லாதவர், கூடையோடு ஊர் ஊராகப் போகிறவர் அந்தக் குடத்துக்குள் வர வழியில்லை. வரி கட்டுகிறவனே ஊரான் என்ற கணக்கு அந்தக் கல்லிலிருந்து எங்கள் விழாக்குழு நோட்டு வரை நேராக வருகிறது. இன்று எங்கள் ஊர் ஏரிக்கரைக் குடியிருப்பில் வாழும் அவர்களுக்குப் பட்டா இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டும் இருக்கிறது. திருவிழா நோட்டில் மட்டும் பெயர் இல்லை.

எங்கள் ஊரில் வரும் பங்குனியில் பாரதம் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திரௌபதி குறவஞ்சியும் உண்டு. ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. விழாக்குழுவில் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், சிலர் என்னிடம் படித்தவர்கள். அவர்களிடம் நேரில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். தலைக்கட்டு வரி எழுதப் போகும்போது ஏரிக்கரைக் குடியிருப்புக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டுக்கு எவ்வளவு என்று ஊரில் சொல்கிற தொகையையே அங்கேயும் சொல்லுங்கள். தர முடியுமா முடியாதா என்பதை அவர்கள் சொல்லட்டும். வாங்கினால் ரசீது கொடுங்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், நோட்டீசில் பெயரை அச்சடியுங்கள். குறவஞ்சி இரவில் கட்டியக்காரன் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்பதையும் அந்தக் கூட்டத்தில் அவர்களை வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள்.